கிணற்றுக்குள் இறங்கும் சாட்சி

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் காலந்தள்ளியவன் நான். அரசியல், தேர்தல், போர், சமாதானப் பேச்சு என்று எழுதியெழுதித் தேய்ந்த பேனா இது. இரும்புக் குழாய்களையும் இறப்பர் வளையங்களையும் பற்றி ஒருநாள் எழுத நேரும் என்று நான் எண்ணியதில்லை. வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் இதனை வாசிக்க வேண்டும். முடிவில் உங்களிடம், குறிப்பாகக் கடல் கடந்து வாழும் எம்மவர்களிடம், எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு.

முதலில் எனது தவறைச் சொல்லிவிடுகிறேன்.

வலிகாமத்தில் உள்ள எமது பூர்வீக வளவில் 2014 ஆம் ஆண்டு ஒரு குழாய்க்கிணறு அடித்தேன். பாட்டனார் காலத்துக் கிணறு ஒன்று ஏற்கெனவே அங்கு இருந்தது. ஆயினும் வீட்டைத் திருத்தி, மேல்தாங்கி வைத்து, நகரத்து வசதிகளோடு வாழ ஆசைப்பட்டவனுக்கு அது போதவில்லை. துளையிட வந்தவர் 80 அடியில் நல்ல நீர் கண்டார். "இன்னும் கொஞ்சம் இறக்கினால் எந்தக் கோடைக்கும் வத்தாது ஐயா" என்றார். அவருக்குக் கூலி அடிக்கணக்கு. எனக்கோ ஆழம் கூடினால் நீரும் கூடும் என்ற பாமர நம்பிக்கை. 120 அடியில் நிறுத்தினோம். மேலே 30 அடிக்கு மாத்திரம் பிளாஸ்ரிக் குழாய் இட்டார்கள். அதன் கீழே வெறும் சுண்ணாம்புப் பாறை.

மூன்றாவது கோடையில் தேநீரில் உவர்ப்புத் தட்டியது. அதே கோடையில் பக்கத்து வளவு அக்கா வேலியோரமாக வந்து நின்றார். அவரது வாழ்வாதாரம் இரண்டு பரப்பு வெங்காயம். அதன் தாள்கள் நுனியில் கருகத் தொடங்கியிருந்தன. "தம்பி, குறை சொல்லுறன் எண்டு நினையாதேங்கோ. உங்கடை மோட்டர் ஓடத் தொடங்கின பிறகுதான் என்ரை கிணறு உவர்க்குது" என்றார். நான் உடனே மறுத்தேன். மழை குறைந்துவிட்டது என்றேன். ஊரெல்லாம் அப்படித்தான் என்றேன். அவரிடமும் சான்று இல்லை, என்னிடமும் சான்று இல்லை. சான்று இல்லாத இடத்தில் வசதி படைத்தவனின் குரலே எடுபடும் என்பதை நான் பிறரைப் பற்றி எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அன்று அந்த வசதி படைத்தவன் நானாக இருந்தேன்.

அடுத்த ஆண்டு சகோதரியின் மகன் விடுமுறையில் வந்தான். ஓமான் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறுகளை அளக்கும் வேலை அவனுக்கு. நான் கதையைச் சொன்னேன். அவன் கேட்ட முதற் கேள்வி இதுதான்: "மாமா, கிணற்றை அளந்தீங்களோ?"

"120 அடி" என்றேன்.

"அது நீளம் மாமா. உள்ளே என்ன இருக்குதெண்டு அளந்தீங்களோ எண்டு கேட்கிறன்."

துளைக்குள் பார்க்கும் கலை

அவன் செய்யும் தொழிலைப் பற்றி அன்றிரவு விறாந்தையில் இருந்து விளக்கினான். எண்ணெய்க் கிணற்றைத் துளையிடுபவர்களுக்குத் தாம் எதற்குள் துளையிடுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியாது. சேற்றுடன் மேலே வரும் பாறைத் துகள்கள் ஓரளவுக்கே சொல்லும். ஆகவே துளையிடும் தண்டுகளை முற்றாக வெளியே எடுத்தபின், அளவைக் கருவிகளை ஒரு கம்பி வடத்தின் நுனியில் பூட்டி உள்ளே இறக்குகிறார்கள். வடம் சுண்டுவிரற் பருமன் கொண்டது. நடுவில் ஏழு மின்கம்பிகள், அவற்றைச் சுற்றி இரண்டு அடுக்கு உருக்குக் கம்பிகள். ஓர் அடுக்கு வலஞ்சுழியாகவும் மற்றையது இடஞ்சுழியாகவும் முறுக்கப்பட்டிருக்கும். பாரம் ஏறும்போது வடம் பம்பரம்போலச் சுழலாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. பாரத்தைத் தாங்குவதும் செய்தியைக் கொண்டு வருவதும் ஒரே வடந்தான்.

நுனியில் தொங்குவது தனியொரு கருவியன்று. ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டப்பட்ட ஒரு கருவிக்கோவை. ஒன்று பாறையிலிருந்து இயற்கையாக வெளிவரும் காமாக் கதிர்களை எண்ணும். களிப்பாறையில் அக்கதிர்கள் மிகுதி, தூய மணற்கல்லில் குறைவு. இன்னொன்று பாறையின் மின்தடையைக் காணும். உவர்நீர் மின்னை எளிதில் கடத்தும். எண்ணெயும் நன்னீரும் தடுக்கும். வேறொன்று கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்களைக் கொண்டு பாறையின் அடர்த்தியையும் நுண்துளைகளையும் மதிப்பிடும். அடர்த்திக்கு சீசியம் 137. நுண்துளைகளுக்கு அமெரிசியமும் பெரிலியமும் சேர்ந்து வெளியிடும் நியூத்திரன்கள். இவற்றுடன் துளையின் விட்டத்தை அளக்கும் கைகள் கொண்ட ஒரு கருவியும் இருக்கும். இறங்கும்போது கைகளை ஒடுக்கிக்கொண்டு செல்லும். அடியில் விரித்து, சுவரைத் தடவிக்கொண்டு மேலே வரும்.

என்னை ஈர்த்தது இவற்றைப் பூட்டும் முறை. ஒவ்வொரு கருவியும் ஆளின் உயரத்தைவிட நீளமானது. படுக்க வைத்து முழுவதையும் பூட்டித் தூக்கினால் வளைந்துவிடும். ஆகவே கிணற்று வாய்க்கு மேலேயே, செங்குத்தாக நிறுத்திப் பூட்டுகிறார்கள். அடியில் இருக்க வேண்டியதை முதலில் தூக்கிக் கிணற்று வாயில் ஒரு தாங்கு தட்டில் தொங்கவிடுவார்கள். அதன் தலையில் அடுத்ததை இறக்கி, மின் முனைகள் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு வைத்து, வளையத்தைத் திருகி இறுக்குவார்கள். இவ்வாறு கோவை அடியிலிருந்து மேல்நோக்கி வளரும். வடத்தின் தலை கடைசியில் வந்து சேரும். கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்களை எல்லாவற்றுக்கும் பின்னரே, நீண்ட கோலின் நுனியில் பிடித்து, ஏனையோரை விலக்கிவிட்டுப் பொருத்துவார்கள். வேலை நடக்கும் வேளையில் கிணற்றின் வாய் மூடப்பட்டிருக்க வேண்டும். கைதவறி ஒரு சாவி உள்ளே விழுந்தால் அதை எடுப்பதற்குள் நாட்கள் கழிந்துவிடும்.

ஒவ்வொரு மூட்டிலும் சிறிய இறப்பர் வளையங்கள் உண்டு. 3,000 மீற்றர் ஆழத்தில் வெறும் தண்ணீர் நின்றாலே ஏறத்தாழ 300 வளிமண்டல அமுக்கம் இருக்கும். துளையில் நிற்பதோ தண்ணீரைவிடக் கனத்த சேறு. "அந்த வளையத்தில ஒரு தலைமயிர் ஒட்டியிருந்தாலும் போதும் மாமா, கோடிக்கணக்கான பெறுமதியான கருவிக்குள்ள சேறு போயிடும்" என்றான் மருமகன். ஆகவே பழைய வளையங்களை மீண்டும் இடுவதில்லை. துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, கிறீஸ் பூசிப் புதியதை இடுகிறார்கள்.

இன்னொரு விடயத்தையும் சொன்னான். வடத்தின் தலையில் வேண்டுமென்றே ஒரு பலவீனமான கண்ணியை வைப்பார்களாம். கருவி அடியில் சிக்கிக்கொண்டால், எங்கோ நடுவழியில் வடம் அறுந்துவிடக்கூடாது. அறுந்த வடம் கருவியின் மேல் சுருண்டு விழுந்தால் மீட்பது மிகக் கடினம். அறுபடுவதானால் கருவியின் தலையருகே அறுபட வேண்டும் என்பது கணக்கு. அப்படியும் மீட்க முடியாமற்போய், கதிர்த்தொழிற்பாட்டு மூலகம் உள்ளே தங்கிவிட்டால், அமெரிக்காவின் சில மாநிலங்களின் சட்டப்படி அதன்மேல் செந்நிறச் சீமெந்து இட்டு மூடி, கிணற்று வாயில் நிரந்தரமான ஓர் எச்சரிக்கைத் தகடும் பதிக்க வேண்டும். நூறு ஆண்டுகளின் பின் அங்கு துளையிட வருபவன் செந்நிறத் துகளைக் கண்டு நின்றுவிட வேண்டும் என்பதற்காக. தோல்வியையும் முன்கூட்டியே திட்டமிடும் இந்த ஒழுங்கு எமது பொதுவாழ்வின் எந்தத் துறையில் இருக்கிறது என்று நான் யோசித்துப் பார்த்தேன்.

1927 ஆம் ஆண்டின் ஒரு நாள்

இந்தக் கலையின் தொடக்கம் மிக எளிமையானது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் பெஷெல்புரோன் என்ற பழைய எண்ணெய் வயல் உண்டு. கொன்ராட் ஷ்லும்பெர்ஜே, மார்செல் ஷ்லும்பெர்ஜே என்ற சகோதரர்கள், நிலத்தின் மேற்பரப்பில் மின்னைச் செலுத்திக் கீழே உள்ள பாறையை அறியும் முயற்சியில் ஈடுபட்டிருந்தனர். அதே அளவையைத் துளைக்கு உள்ளேயே செய்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. அக்காலத்தில் ஆழத்துப் பாறையை அறிவதற்கு அதனை உருளைத் துண்டுகளாக வெட்டி மேலே எடுக்க வேண்டியிருந்தது. அது செலவும் தாமதமும் மிக்க வேலை.

1927 செப்ரெம்பர் 5 ஆம் திகதி, கொன்ராட்டின் மருமகனான ஹென்றி டோல் என்ற இளம் பொறியியலாளர் தனது உதவியாளர்களுடன் அங்குள்ள ஒரு கிணற்றில் அதனைச் செய்து காட்டினார். பேக்கலைற் குழாய்களைப் பித்தளைத் துண்டுகளாலும் திருகாணிகளாலும் ஒன்றோடொன்று தொடுத்து, மேலே மின்முனைகளைச் சுற்றி, அடியில் ஈயக் குண்டுகளைக் கனமாக இட்டு ஒரு கருவியைப் பூட்டினார்கள். வடம் என்பது இறப்பர் உறையிட்ட மின்கம்பிகளைச் சேர்த்துக் கட்டியது. கையால் சுழற்றும் உருளையில் அது சுற்றப்பட்டிருந்தது. ஒவ்வொரு மீற்றருக்கும் நிறுத்தி, அளவை எடுத்து, கையால் எழுதி, பின்னர் தாளில் புள்ளிகளை இணைத்து வரைந்தார்கள். துளையிட்ட கிணற்றின் முதலாவது மின்தடைக் கோட்டுப்படம் அவ்வாறே பிறந்தது. இன்று உலகெங்கும் எண்ணெய், வாயு, நீர், கனிமம் தேடித் துளைக்கப்படும் கிணறுகளில் இறங்கும் கருவிகளுக்கெல்லாம் மூதாதை அந்தக் கறுத்தக் குழாய்க்கோவைதான்.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த அளவையின் உயிர்நாடி கருவியின் விலையில் இல்லை. பூட்டுபவனின் கவனத்திலும், ஒவ்வொரு மீற்றரிலும் நின்று எழுதிய பொறுமையிலும் இருக்கிறது.

அளக்காமல் விட்ட ஒரு கிணறு

அளக்காமல் விட்டதற்கும் ஓர் உதாரணம் தருகிறேன். 2010 ஏப்ரல் 20 ஆம் திகதி, மெக்சிக்கோ வளைகுடாவில் 'டீப்வோட்டர் ஹொரைசன்' என்ற துளையிடும் மேடை வெடித்தது. 11 பேர் உயிரிழந்தனர். மக்கொண்டோ என்ற அந்தக் கிணற்றிலிருந்து 87 நாட்களாக எண்ணெய் கடலில் கலந்தது.

அந்த மேடையில் ஷ்லும்பெர்ஜே நிறுவனத்தின் அளவைக் குழுவொன்று தயாராகக் காத்திருந்தது. கிணற்றின் உருக்குக் குழாய்க்கும் பாறைக்கும் இடையில் இட்ட சீமெந்து சரிவரப் பிடித்திருக்கிறதா என்று ஒலியைக் கொண்டு சோதிப்பதே அவர்களின் பணி. எங்கள் ஊரில் பானை வாங்குபவர்கள் அதைத் தட்டிப் பார்ப்பது போன்றதுதான். சீமெந்து பிடிக்காத இடத்தில் குழாய் கணீரென்று ஒலிக்கும். பிடித்த இடத்தில் ஒலி அடங்கிப்போகும். அன்று காலை, அந்தச் சோதனை தேவையில்லை என்று கூறி அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். காலை 11.15 மணியளவில் அவர்கள் உலங்குவானூர்தியில் புறப்பட்டனர். இரவு 9.49 மணிக்கு மேடை வெடித்தது.

அச்சோதனைக்கு 9 முதல் 12 மணித்தியாலங்கள் பிடித்திருக்கும். செலவு ஏறத்தாழ 128,000 டொலர். குழுவைத் திருப்பி அனுப்புவதற்கான கட்டணமோ ஏறத்தாழ 10,000 டொலர். அமெரிக்கக் காங்கிரஸ் குழுவினர் 2010 ஜூனில் வெளியிட்ட கடிதத்தில் உள்ள தொகைகள் இவை. நீதியாகச் சொல்ல வேண்டுமானால், அந்த அளவை எடுக்கப்பட்டிருந்தால் விபத்து நிகழ்ந்திராது என்று எவராலும் அறுதியிட்டுக் கூற முடியாது. சீமெந்து இட்டபோது சேறு குறையாமல் திரும்பி வந்தது. ஆகவே எல்லாம் சரி என்று அங்கிருந்தவர்கள் கருதினார்கள். அமுக்கச் சோதனையின் முடிவைத் தவறாக விளங்கிக்கொண்டமை உட்பட வேறு பல தவறுகளும் இருந்தன என்று ஜனாதிபதி ஆணைக்குழு 2011 ஜனவரி அறிக்கையில் விளக்கியது. ஆனால் ஒன்று தெளிவு. ஏற்கெனவே காலம் பிந்திக்கொண்டிருந்த ஒரு வேலையில், 'சரியாகத்தான் இருக்கும்' என்ற நம்பிக்கை 'சரியா என்று பார்ப்போம்' என்ற கேள்வியை வென்றுவிட்டது. எனது கிணற்றிலும் அதுவே நடந்தது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் அதே 2010 இல் நிகழ்ந்தது. சிலி நாட்டின் சான் ஹோசே சுரங்கத்தில் ஓகஸ்ட் 5 ஆம் திகதி 33 தொழிலாளர்கள் சிக்கினர். மேலிருந்து துளைகளை இட்டுத் தேடினார்கள். சுரங்க வரைபடங்களை முழுமையாக நம்ப முடியவில்லை. ஆழம் கூடக்கூடத் துளைகள் தாமாகவே திசை விலகின. எனவே துளை எங்கே செல்கிறது என்று இடையிடையே அளக்கவும் திருத்தவும் வேண்டியிருந்தது. பல துளைகள் தவறிய பின்னர், 17 ஆம் நாளில் ஒரு துளை 688 மீற்றர் ஆழத்தில் அவர்களின் அருகே போய்ச் சேர்ந்தது. அந்தத் துளையினூடாக வடத்தில் இறக்கிய கமராவில்தான் உலகம் அவர்களில் ஒருவரது கண்களை முதன்முதலாகப் பார்த்தது. 33 பேரும் ஒக்ரோபர் 13 ஆம் திகதி உயிருடன் மேலே கொண்டுவரப்பட்டனர்.

விறாந்தையில் பூட்டிய கருவி

மருமகன் தன் விடுமுறையில் நான்கு நாட்களை எனக்காகச் செலவிட்டான். ஒன்றரையடி நீளப் பிளாஸ்ரிக் குழாய், துருப்பிடியாத உருக்குத் திருகாணிகள் நான்கு, வெப்பநிலையை உணரும் சிறு மின்கூறு ஒன்று, பல இழை கொண்ட மின்வடம், வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகள். இவை அனைத்தும் யாழ்ப்பாண நகரக் கடைகளிலேயே கிடைத்தன. குழாயின் சுவரில் திருகாணிகளைச் செருகி, உட்புறம் கம்பிகளைப் பற்றாசு வைத்து ஒட்டி, பசை ஊற்றி அடைத்தான். அடியில் ஈயம். வடத்தில் ஐந்தடிக்கு ஒரு சிவப்பு நாடா, அடிக்கு ஒரு கறுப்பு நாடா.

மின்கலத்தை நேரே இணைக்கவில்லை. ஒரே திசை மின்னைச் செலுத்தினால் முனைகளில் படலம் படிந்து அளவை பொய் சொல்லுமாம். ஆகவே திசை மாறும் மின்னை உண்டாக்கும் சிறு சுற்று ஒன்றையும் அமைத்தான். பின்னர் தராசில் உப்பை நிறுத்து, அளந்த நீரில் கரைத்து, ஐந்து போத்தல்களில் வெவ்வேறு செறிவுக் கரைசல்களைத் தயாரித்தான். கருவியை ஒவ்வொன்றிலும் அமிழ்த்தி எண்களைக் குறித்தான். வெப்பம் ஒரு பாகை கூடினால் நீரின் மின்கடத்துதிறன் ஏறத்தாழ 2 சதவீதம் கூடும் என்பதால் அதற்கும் திருத்தம் செய்தான்.

முதல் நாளே இறக்கிவிடலாம் என்று அவசரப்பட்டது நான். அவன் இணங்கவில்லை. இரவு முழுவதும் வாளி நீரில் அமிழ்த்தி வைத்தான். காலையில் வெட்டிப் பார்த்தபோது உள்ளே நீர்த்துளிகள். ஒரு திருகாணியைச் சுற்றிப் பசை சரியாகப் பிடிக்கவில்லை. "கிணற்றுக்குள்ள போன பிறகு கை எட்டாது மாமா. கை எட்டுற இடத்திலதான் எல்லாத்தையும் பார்க்க வேணும்" என்றான். மீண்டும் முதலிலிருந்து பூட்டினான்.

மோட்டரை ஒரு நாள் முழுவதும் நிறுத்திவிட்டு, மறுநாட் காலையில் கருவியை இறக்கினோம். எண்ணெய்க் கிணறுகளில் பெரும்பாலும் கருவியை மேலே இழுக்கும்போதே பதிவு செய்வார்களாம். அப்போது வடம் விறைப்பாக இருப்பதால் ஆழக் கணக்குப் பிசகாது. நாம் அளப்பதோ நீரையே. கருவி கடந்து சென்றால் நீர் கலங்கிவிடும். ஆகவே இறங்கும்போதே எழுத வேண்டும். அவன் வடத்தைப் பிடிக்க, நான் எண்களை எழுதினேன். வாழ்நாள் முழுவதும் பிறர் சொல்வதை எழுதிய கைக்கு அது பழக்கமான வேலைதான்.

80 அடி வரை எண்கள் அதிகம் மாறவில்லை. 82 இல் சற்று ஏறின. 90 ஐத் தாண்டியதும் ஒவ்வோர் அடிக்கும் பாய்ந்தன. 100 அடியில் இருந்தது குடிநீரே அன்று. 110 அடியில் தொங்கிய எனது மோட்டர் மூன்று ஆண்டுகளாக அதைத்தான் மேலே இழுத்துக்கொண்டிருந்தது. பின்னர் வேலியைத் தாண்டிச் சென்று அக்காவின் கிணற்றிலும் இறக்கினோம். அங்கு அடிமட்ட நீர் மேல்மட்ட நீரைவிட உவராக இருந்தது. இருவரும் ஒரே பாறையின் வெடிப்புகளிலிருந்தே குடிக்கிறோம் என்பதை மறுக்க என்னிடம் அதற்குமேல் சொல் இருக்கவில்லை.

நன்னீரின் கணக்கு

யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, கனம் கூடிய கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. அதுதான் எமது குடிநீர். ஒல்லாந்தரான பாடொன் கைபென், ஜேர்மானியரான ஹெர்ஸ்பெர்க் ஆகியோர் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கண்ட கணக்கின்படி, கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கமே அச்சமூட்டுவது. இறைத்து நீர்மட்டத்தை ஒரு மீற்றர் தாழ்த்தினால், உவர்நீரின் எல்லை காலப்போக்கில் 40 மீற்றர் வரை மேலெழக்கூடும். குகைகளும் வெடிப்புகளும் நிறைந்த எமது பாறையில் இக்கணக்கு அச்சொட்டாகப் பொருந்தாது. உவர் எங்கே நிற்கிறது என்பதை ஒவ்வொரு கிணற்றிலும் அளந்தே அறிய வேண்டும் என்பதற்கு அதுவே காரணம்.

புத்தூர் நிலாவரைக் கிணற்றை அடியற்ற கிணறு என்று சிறுவயதில் எமக்குச் சொன்னார்கள். இராமபிரானின் அம்பு துளைத்தது என்றார்கள். அக்கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது நீண்டகாலமாக அறியப்பட்ட விடயம். குடாநாட்டின் நிலத்தடி முழுவதற்குமான பாடம் அந்த ஒரு கிணற்றிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நாம் ஐதீகத்தை மனனம் செய்தோம், பாடத்தை விட்டுவிட்டோம்.

2011 இல் மன்னார் கடற்படுகையில் 'சிக்கியு' என்ற யப்பானியக் கப்பலைக் கொண்டு துளையிட்டார்கள். டொராடோ, பரக்குடா என்ற கிணறுகளில் இயற்கை வாயு இருப்பது கண்டறியப்பட்டது. கடலுக்கு அடியில் கிலோமீற்றர் கணக்கான ஆழத்தில் எந்தப் பாறையில் எது இருக்கிறது என்பதை அறிய இந்நாட்டில் வழி இருந்தது. பணம் இருந்தது. எமது வெங்காயத் தோட்டத்தின் கீழே நூறு அடியில் என்ன இருக்கிறது என்பதை அறியத்தான் வழி இல்லை என்கிறோம்.

சுன்னாகம் சுற்றாடலில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முரண்பட்ட அறிக்கைகள் வெளிவந்தன. மக்கள் போத்தல்களில் நீரை ஏந்தி வீதிக்கு வந்தார்கள். இறுதியில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்துக்கு 2 கோடி ரூபா செலுத்துமாறு உத்தரவிட்டது. எண்ணெயை நான் மேலே சொன்ன கருவி காட்டாது. வெவ்வேறு ஆழங்களிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். பசளையிலிருந்து வரும் நைத்திரேற்றுக்கும் அப்படியே. ஆயினும் ஒவ்வொரு கிணற்றுக்கும் முன்னைய ஆண்டுகளின் பதிவு இருந்திருக்குமானால், அந்த நெடிய விவாதம் வெகுவாகச் சுருங்கியிருக்கும் என்பது எனது உறுதியான கருத்து.

எனது வேண்டுகோள்

புலம்பெயர்ந்த உறவுகள் ஊருக்கு அனுப்பும் பணத்தில் கிணறுகள் அடிக்கப்படுகின்றன. தாய் தந்தையரின் நினைவாக, பிள்ளையின் பிறந்த நாளுக்காக, பழைய மாணவர் சங்கத்தின் பெயரால் என்று பல. திறப்பு விழாப் படம் வருகிறது. பெயர்ப்பலகையும் வருகிறது. அந்த நல்ல மனங்களை நான் வணங்குகிறேன். ஆனால் பெயர்ப்பலகையில் அன்பளிப்புச் செய்தவரின் பெயர் இருக்கிறது. உவர்நீர் எத்தனை அடியில் தொடங்குகிறது என்ற ஒரு வரி இல்லை. அந்த வரி இல்லாத கிணறு அயலவருக்குத் தீங்காக முடியலாம். எனது கிணறு அப்படித்தான் முடிந்தது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவே. அடிக்கணக்கில் கூலி கொடுத்து ஆழத்தை ஊக்குவிக்காதீர்கள். துளையிட்டவர் கிணற்றைக் கையளிக்கும் முன்னர், ஆழத்துக்கு ஏற்ப உவர்ப்பு எப்படி மாறுகிறது என்ற அளவையை எடுக்கச் சொல்லுங்கள். அந்த ஒற்றைத் தாளின் பிரதியொன்று பிரதேச செயலகத்தில் இருக்கட்டும். மாரி முடிவிலும் கோடை முடிவிலுமாக ஆண்டுக்கு இருமுறை அதே கிணறுகளை மீண்டும் அளக்க ஒரு பாடசாலைக்கோ சனசமூக நிலையத்துக்கோ சிறு தொகை ஒதுக்குங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளால் செய்யக்கூடிய வேலை அது. ஐந்து கிணறு அடிக்கும் பணத்தில் நான்கை அடித்து, மிகுதியை அளப்பதற்குக் கொடுங்கள்.

தாகத்தால் தவிக்கும் மக்களிடம் அளவையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் கேட்கக்கூடும். அது நியாயமான கேள்வி. ஆனால் அளவைக்குப் பிடிப்பது ஒரு நாள். உவர்த்துப்போன பாறை மீண்டும் நன்னீராவதற்குப் பல மாரிகள் வேண்டும். எனது தனிப்பட்ட வளவில் நான் எதையும் செய்வேன் என்பவர்களுக்கும் ஒரு சொல். வேலி மேலே நிற்கிறது. நிலத்தின் கீழே வேலி இல்லை.

எனது கிணற்றின் அடிப்பகுதியைச் சல்லியும் சீமெந்தும் இட்டு 70 அடி வரை மூடினோம். மோட்டரை மேலே தூக்கிக் கட்டினோம். இறைக்கும் நேரத்தையும் பாதியாகக் குறைத்தேன். அடுத்த மாரியின் பின் எனது நீர் தேறியது. அக்காவின் கிணறு ஓரளவு தேறியது. பழைய நிலைக்கு வரவில்லை. அவர் ஒரு பரப்பில் மாத்திரம் வெங்காயம் வைக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டபோது, "அளந்து பார்த்தீங்கள்தானே தம்பி, அது போதும்" என்றார்.

எனக்கு அது போதாது. மருமகன் பூட்டிய கருவி விறாந்தைச் சுவரில் ஆணியொன்றில் தொங்குகிறது. மாரி முடிந்ததும் ஒருமுறை, கோடை முடிந்ததும் ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு முதலில் அக்காவின் கிணற்றடிக்குப் போகிறேன். எண்களை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். ஊரில் எவராவது அந்தக் கொப்பியைக் கேட்டால் கொடுப்பேன். கருவியைக் கேட்டாலும் கொடுப்பேன். இறக்குவதற்கு முன் ஓர் இரவு வாளி நீரில் போட்டு வையுங்கள் என்று மாத்திரம் சொல்லி அனுப்புவேன்.